மீதி அரைப் பங்கு

செவ்வாய்க்கிழமை இரவு என் தங்கை மகள் வாட்ஸ்அப்பில் ஓர் அறிக்கையை அனுப்பியிருந்தாள். மதுரையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அறிக்கையின் முகப்பில் ஐந்து பெயர்கள். எழுதியது இவள் ஒருத்தி. இந்தப் பருவத்தில் அவர்கள் கல்லூரியில் இணையவழிக் கூட்டுக் கற்றல் தொடங்கியிருக்கிறார்கள். ஐந்து பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு கூகுள் டாக், எல்லோருக்கும் ஒரே மதிப்பெண். மற்ற நால்வரும் தங்கள் பெயரைச் சரியான எழுத்துகளில் போட்டிருக்கிறாளா என்று மட்டும் பார்த்துவிட்டு வெளியேறிவிட்டார்கள். ஐவருக்கும் பத்துக்குப் பத்து.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நால்வரைப் பற்றி எனக்குக் கோபமில்லை. அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. ஒரு கோப்பைப் பகிர்ந்துவிட்டு அதற்குக் கூட்டுக் கற்றல் என்று பெயர் வைத்தவர்கள்மீதுதான் கோபம்.

இணையக் கல்வியை நான் வெறுப்பவன் இல்லை என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து உருவாக்கிய என்பிடெல் பாடங்களைப் பற்றி இங்கே மனம் நிறைந்து எழுதியிருக்கிறேன். கம்பம் ஊரில் இருக்கும் பையன் காசு கொடுக்காமல் சென்னை ஐஐடி பேராசிரியரின் பாடத்தைக் கேட்கிறான். இது சின்ன விஷயமா? 2017இல் மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் வந்தது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை அதன் வழியாகவே படித்து கிரெடிட் வாங்கலாம் என்று யுஜிசி 2021இல் விதி வகுத்தது. தங்கை மகளும் அப்படி ஒரு பாடம் எடுத்திருக்கிறாள், தெர்மோடைனமிக்ஸ். வாராவாரம் அசைன்மென்ட்டுக்கு 25, கடைசியில் தேர்வு மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75.

இருபத்தைந்து, எழுபத்தைந்து. இந்தக் கணக்கைக் கேட்டதும் நன்னூல் நினைவுக்கு வந்தது. எழுந்து போய் எடுத்தேன்.

நன்னூல் பாயிரம் சொல்லும், போட்ட முறை மாறிக் கொட்டும் கழற்குடம் போன்ற ஆசிரியரைப் பற்றி முன்பு நான் எழுதியபோது, பாயிரத்தைத் தாண்டி வரமாட்டீர்களா என்று சிலர் கடிதம் போட்டார்கள். வரமாட்டேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் கேட்க, பவணந்தி முனிவர் செய்த நூல் அது. எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் சொல்லப் போகிறவர், அதற்கு முன்னால் யார் ஆசிரியர், யார் மாணவர், எப்படிச் சொல்லிக்கொடுப்பது, எப்படிக் கேட்டுக்கொள்வது என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள் செலவழிக்கிறார். அங்கே ஒரு பங்குக் கணக்கு வருகிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு. உடன் படிப்பவர்களோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துச் சொல்லும்போது வருகிறது. அப்போதுதான் புலமை மாசில்லாமல் நிறையும் என்கிறார்.

வடமொழியிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ஆசிரியரிடம் கால், சொந்த அறிவால் கால், உடன் படிப்போரிடம் கால், காலப்போக்கில் கால் என்று அது நாலு சமக் கூறாகப் பிரிக்கிறது. அழகான கணக்குதான். ஆனால் சொல்லிக்கொடுப்பதற்கு அதில் தனிப் பங்கு இல்லை. பவணந்தியார் அதற்குப் பாதியையே தூக்கிக் கொடுக்கிறார். முப்பது வருஷம் வகுப்பில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் கை தாராளம் இல்லை, அளவு சரி. ஆகுபெயரும் அன்மொழித்தொகையும் எங்கே பிரிகின்றன என்பது எனக்குப் பட்டம் வாங்கியபோது விளங்கவில்லை. முதல் வருடம் கரும்பலகை முன் திணறி நின்றபோதுதான் விளங்கியது.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மேசூருக்கும் இது வகுப்பில்தான் பிடிபட்டது. ஒரு கேள்விக்குப் பாதிப் பேர் தவறாக விடை சொன்னார்கள். விளக்கினார், புரியவில்லை. மறுபடி வேறு விதமாக விளக்கினார், அப்போதும் இல்லை. நீங்களே பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்று விட்டுவிட்டார். சில நிமிடங்களில் வகுப்பே தெளிந்துவிட்டது. நேற்றுப் புரிந்துகொண்டவனுக்கு எங்கே இடறும் என்று இன்னும் நினைவிருக்கிறது. பேராசிரியர் அந்த இடத்தைக் கடந்து பல வருஷமாகிவிட்டது. 1991 முதல் மேசூரின் வகுப்பு அப்படித்தான் நடந்தது.

மாணவர்களே சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதல்ல. எழும்பூர் ரயில் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஆண்ட்ரூ பெல் ஞாபகம் வரும். எழும்பூரில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்காக 1789இல் தொடங்கிய அநாதை விடுதிக்கு அவர் பொறுப்பாளர். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து வந்து, தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவன் செய்து காட்டினான். 1797இல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாகப் போட, மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. திண்ணைப் பள்ளியில் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை இது.

போன இடத்தில் அவனுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு வருத்தம். ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம், செலவு மிச்சம் என்று கண்டுகொண்டார்கள். சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். மடக்கிக் கேள்வி கேட்க அங்கே இடமில்லை. கேள்வி இல்லாவிட்டால் சொல்லிக்கொடுப்பவனுக்கு அந்த அரைப் பங்கு எங்கிருந்து வரும்? ஒரே பதிவை ஆயிரக்கணக்கானோர் பார்க்க, விவாதப் பகுதியை மாணவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடும் கல்லூரிகளைப் பார்க்கும்போது, அதே சிக்கனம் திரும்பி வருகிறதோ என்று பயமாக இருக்கிறது.

வியாழக்கிழமை தங்கை மகள் போன் செய்தாள். பெயர் மட்டும் போட்ட நால்வரில் ஒரு பையன், தேனிப் பக்கம், தேர்வு நெருங்குகிறதே என்று தயங்கித் தயங்கி இவளிடம் சந்தேகம் கேட்டிருக்கிறான்.

"மாமா, என்ட்ரோபி கூடும் கூடும்னு எழுதியிருக்கியே, அது ஏன் கூடணும்னு கேட்டான். எனக்குப் பதில் வரலை. அறிக்கையில நான்தானே எழுதினேன்!"

தெர்மோடைனமிக்ஸ் பாட வீடியோவை மூன்று தடவை திரும்பப் பார்த்தாளாம். பிறகு சீட்டுக்கட்டைக் கலைத்துக் காட்டி அவனுக்கு விளக்கினாளாம். கலைப்பதால் கட்டு சூடாகிறதா என்று அவன் அடுத்த கேள்வி கேட்டுவிட்டான். அதற்கு இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னிக்கு ஒன்பது மணிக்கு மேல கூப்பிடாதீங்க மாமா. கூகுள் மீட்ல மூணு பேர் வர்றாங்க, நான் எடுக்கணும்."

சரிம்மா என்று வைத்துவிட்டேன்.