கோட்டு வரிசையும் கொடுங்கோன்மையும்

சீன எழுத்து ஒவ்வொன்றுக்கும் சரியான கோட்டு வரிசை ஒன்றே உண்டு. அது பிறழின் எழுத்தே பிழை என்பர் ஆசிரியருள் ஒரு சாரார். நடைமுறையே இக்கூற்றை மறுக்கின்றது.

'அரசன்' எனப் பொருள்தரும் எழுத்து கிடைக்கோடுகள் மூன்றும் நிலைக்குத்துக் கோடு ஒன்றும் கொண்டது. சீனத்தில் மேலிரு கிடைக்கோடுகளையும் இட்ட பின்னரே நிலைக்குத்துக் கோட்டினை இறக்குவர். அவ்வெழுத்தையே ஆளும் யப்பானிலோ அதனை இரண்டாவதாகவே இறக்குவர். முடிவில் தோன்றும் எழுத்து ஒன்றே. இவ்விரு சாராருள் பிழைத்தவர் யாவர்?

வரிசை வீண் என்பது இதன் பொருளன்று. மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் செல்லும் ஒழுங்கு கைக்கு வேகமும் எழுத்துக்குச் சமநிலையும் தருகின்றது. கோடுகள் ஒன்றோடொன்று இணையும் விரைவெழுத்தை அவ்வொழுங்கறியாதார் வாசித்தலும் அரிது. ஆதலின் அது கற்பிக்கப்படல் வேண்டும். ஆயினும், செம்மையாக எழுதிய பிள்ளையின் புள்ளியை வரிசையின் பெயராற் பறித்தல் கல்வியாகாது. 1958இல் யப்பானியக் கல்வி அமைச்சு வெளியிட்ட வழிகாட்டியே, தான் காட்டும் வரிசை வழக்கிலுள்ள பிற வரிசைகளை மறுப்பதற்கன்று எனக் கூறிற்று. விதியை வகுத்தோர்க்கு இருந்த அடக்கம் அதனைக் காப்போர்க்கு இல்லாமற் போனதேன்?

கற்பிக்குங்கால் வரிசையை வற்புறுத்துக. மதிப்பிடுங்கால் எழுத்தை நோக்குக.