படத்தில் எதுவும் இல்லை

உதகமண்டலத்தை அடுத்த முத்தொரையில் ஒரு மலைச்சரிவு. அதன் சாய்வு சுமார் 11 டிகிரி. அந்த ஊரின் அட்சரேகையும் அதே அளவுதான். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கியை அந்தச் சரிவில் வடக்கு தெற்காகக் கிடத்தியதும் அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே போதும், வானத்துப் பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான குழு 1970இல் இதைக் கட்டி முடித்தது.

அவர்கள் நம்பியது நிலவை. அன்றைய ரேடியோ தொலைநோக்கிகள் பலவற்றால், அலை வானத்தின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று தோராயமாகத்தான் சொல்ல முடிந்தது. அந்தப் பகுதியைப் படமெடுத்தால் மங்கலான புள்ளிகள் பல தெரியும். எது அலையை அனுப்புகிறது? நிலவின் விளிம்பு அந்த மூலத்தை மறைக்கும் நொடியைக் குறித்துக்கொண்டால் இடம் துல்லியமாகிவிடும். 1962இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹசார்டின் குழு இப்படித்தான் 3சி 273 என்ற ரேடியோ மூலத்தின் இடத்தைப் பிடித்தது. அதை வைத்து மார்ட்டன் ஷ்மிட் அடுத்த ஆண்டு அது தொலைதூரக் குவாசார் (கருந்துளையால் ஒளிரும் கேலக்ஸி மையம்) என்று கண்டறிந்தார்.

ஊட்டியில் ஆயிரத்தை ஒட்டிய மங்கலான மூலங்களின் அமைப்பை இந்த வழியில் அளந்தார்கள். இடம் தெரிந்ததும் அமெரிக்காவின் பலோமர் வானாய்வகம் எடுத்த ஒளிப்படத் தட்டுகளோடு ஒப்பிட்டார்கள். பல இடங்களில் தட்டு காலியாக இருந்தது.

இந்த வெறுமைதான் கதையின் உயிர். கருந்துளையிலிருந்து பீறிடும் தாரைகள் ரேடியோவில் முழங்குகின்றன. அப்படியானால் அவற்றைச் சுமக்கும் கேலக்ஸி அங்கே இருந்தே ஆக வேண்டும். கண்ணுக்குரிய ஒளியில் தெரியாத அளவுக்கு அது தொலைவில் இருக்கலாம். 1979இல் டீலன்ஸ், மைலி, வில்லிஸ் ஆகியோர் இன்னொரு தடயம் சொன்னார்கள்: தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக ஒலித்து, அதிர்வெண் உயர உயரச் சட்டென்று வலுவிழக்கும் மூலங்களுக்குத்தான் தட்டில் இணையான ஒளிப்புள்ளி கிடைப்பது அரிது. அதற்குப் பிறகு வானியலாளர்கள் அத்தகைய மூலங்களையே தேடிப் போனார்கள். இவ்வளவு எளிய வடிகட்டி இத்தனை பலன் தந்தது வியப்பூட்டுகிறது.

1999இல் அந்த வடிகட்டியில் சிக்கியது டிஎன் ஜே0924-2201 என்ற மூலம். ஹவாயின் கெக் தொலைநோக்கி முதலில் அகச்சிவப்பில்தான் அதைத் தேடியது. பிரபஞ்சம் விரியும்போது ஒளியின் அலைநீளமும் நீள்கிறது. விண்மீன்களின் ஒளி அகச்சிவப்புக்கு நகர்ந்துவிடுகிறது. மங்கலான ஒரு கறை தெரிந்தது. பிறகு நிறமாலை எடுத்தார்கள். புற ஊதாவில் 121.6 நானோமீட்டரில் கிளம்பிய ஹைட்ரஜன் கோடு, சிவப்பின் விளிம்பில் சுமார் 753 நானோமீட்டரில் வந்து நின்றது. அலைநீளம் இப்படி நீண்டதன் அளவான செம்பெயர்ச்சி 5.19. அந்த ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்தின் வயது நூறு கோடி ஆண்டுகளைச் சற்றே தாண்டியிருந்தது. அதற்குள் அங்கே ஒரு ராட்சதக் கருந்துளை!

தொலைவால் அல்லாமல் தூசியால் மறைந்த கேலக்ஸிகள் வேறு ரகம். அவற்றைக் கண்டுபிடிக்க எக்ஸ்-கதிரும் அகச்சிவப்பும் துணை.

ஸ்வரூப் பின்னர் புனே அருகே கட்டிய ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி, 150 மெகாஹெர்ட்ஸில் வானத்தின் 90 விழுக்காட்டை அலசியிருக்கிறது. 2017இல் வெளியான அதன் பட்டியலில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான மூலங்கள் உள்ளன. படங்களும் பட்டியலும் இணையத்தில் இலவசம். நம் கல்லூரிகளின் இயற்பியல் மாணவர்கள் அதை இறக்கி, ஒளிப் படங்களில் இணையில்லாத மூலங்களைத் தேடத் தொடங்க வேண்டும். ஆசிரியர்கள் அதையே செயல்திட்டமாகக் கொடுக்கலாம்.