விடுமுறையில் பூட்டப்படும் புத்தகங்கள்

மே மாதத்தில் வேலூர் லாங் பஜாரில் இரண்டு வகைக் குழந்தைகளைக் காணலாம். சிலர் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு பொருள் வாங்க வருகின்றனர். வேறு சிலர் கடைக்குள் மூட்டை பிரிக்கின்றனர், பொட்டலம் கட்டுகின்றனர், தேநீர் வாங்க ஓடுகின்றனர். ஏன் இங்கே என்று கேட்டால், “லீவுக்கு மட்டும்தான் சார்” என்பதே பெரும்பாலும் விடை. இதே நாட்களில்தான், விடுமுறையில் குழந்தைகளுக்கு வாசிப்புப் பழக்கத்தை ஏற்படுத்துங்கள் என்ற அறிவுரை பெற்றோருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படுகிறது. அறிவுரையில் பிழையில்லை. ஆனால் சேரியின் ஒற்றை அறை வீட்டில் அதை நிறைவேற்றத் தேவையான நேரமும் புத்தகமும் எங்கே இருக்கின்றன என்று நாம் கேட்க வேண்டியுள்ளது.

முதலில் நேரம். 2016ஆம் ஆண்டு திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்டோரை வேலையில் அமர்த்துவதைத் தடை செய்தது. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு, அபாயகரமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறைக் காலத்திலும் குழந்தை உதவலாம் என்று விலக்களித்தது. விடுமுறை என்ற சொல்லைச் சட்டம் இங்கே வேலைக்கான காலமாகவே எழுதிவைத்திருக்கிறது. குடும்பத் தொழில் என்பது சாதியோடு பிணைக்கப்பட்ட ஒரு நாட்டில், இந்த விலக்கு யாருடைய பிள்ளைகளைப் பாட்டன் தொழிலுக்குத் திருப்பி அனுப்பும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரத்தில் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் வேலை வீடுகளுக்குத் தரப்படுகிறது. ஜோடிக் கணக்கில் கூலி பெறும் பெண்களில் தலித்துகளும் இசுலாமியர்களும் கணிசமானோர். கூலி குறைவாக இருப்பதால் எண்ணிக்கையைக் கூட்டியாக வேண்டும். எண்ணிக்கையைக் கூட்ட, பள்ளியில்லாத நாளில் பிள்ளையின் கையும் சேர்கிறது. அந்தத் தாயைக் குற்றஞ்சாட்டுவது எளிது, அநீதியும்கூட. குறைந்த கூலி நிர்ணயிப்பவரே இதற்குப் பொறுப்பு.

இங்கே செயற்பாட்டாளர்கள் கவனிக்கத் தவறும் ஒரு விதி உண்டு. 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, வருவாய் தரும் உற்பத்தி, வழங்கல், சில்லறை விற்பனைச் சங்கிலியின் எந்தக் கட்டத்திலும் குழந்தையின் ‘உதவி’ இடம்பெறக் கூடாது. மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை எந்த வேலையும் கூடாது. ஆகவே ஏற்றுமதி ஷூவைத் தைக்கும் குழந்தையின் கை இந்த விலக்குக்குள் வராது. லாங் பஜாரில் பிறருடைய கடையில் நிற்கும் 14 வயதுக்குட்பட்ட குழந்தையோ குடும்பத் தொழில் என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை.

அடுத்து புத்தகம். ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பருவ இதழ்கள், கதைப் புத்தகங்கள் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை ‘வாசிப்பு இயக்க’த்தின் வழியாக நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைகளில் எளிய புத்தகங்களையும் வெளியிட்டிருக்கிறது. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் குழந்தைக்கு முழு நாளும் கிடைக்கும் மாதத்தில் பள்ளியின் கதவும், அதற்குள்ளிருக்கும் அலமாரியும் பூட்டியே கிடக்கின்றன. 2022 ஜூன் மாதம், பள்ளி திறக்கும் முன் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் நடந்த வாசிப்பு மாரத்தான், கூகுளின் செல்பேசிச் செயலியைச் சார்ந்திருந்தது. வீட்டிலுள்ள ஒரே செல்பேசி தந்தையோடு வேலைக்குப் போய்விடும் வீடுகளை அத்தகைய திட்டம் எட்டுவது கடினம்.

விடுமுறை என்று சொல்லி அரசு தன் கடமையிலிருந்து விலகிக்கொள்ள முடியுமா? வறட்சி தொடர்பான சுவராஜ் அபியான் வழக்கில், 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதற்கு நெருக்கமான ஒரு கேள்வியைச் சந்தித்தது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அது உணவைப் பற்றியது, வறட்சிப் பகுதிக்கு உரியது. எனினும், பள்ளி மூடினாலும் குழந்தையின் உரிமை மூடப்படுவதில்லை என்ற அதன் அடிப்படையை நாம் வாசிப்புக்கும் நீட்டித்து வாதிட முடியும்.

பணமில்லை என்ற பதிலும் எடுபடாது. இந்தியாவின் பிற மாநிலங்களுக்கு முன்னோடியாக 1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது. லாங் பஜாரின் கடைக் கட்டடங்களும் அந்த வரிக்கு உட்பட்டவையே. உள்ளாட்சி அமைப்புகள் அதை நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்.

பள்ளிச் சிறுவனாக இருந்த அம்பேத்கர் மும்பையின் சர்னி ரோடு பூங்காவில் அமர்ந்து படிப்பதைக் கண்டு, அவருக்குப் புத்தகங்கள் கொடுத்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர். 1907இல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறியபோது, தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். அந்தப் புத்தகம் அவரை எங்கே கொண்டுசென்றது என்பதை 1956 அக்டோபர் 14 நாக்பூரில் உலகம் கண்டது. வகுப்பறைக்கு வெளியே, ஒரு பெரியவர் நேரில் கொடுத்த புத்தகம் அது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. விடுமுறையில் வாரத்தில் சில நாட்களேனும் பள்ளி நூலகம் திறக்கப்பட வேண்டும். அல்லது கடைசி வேலைநாளில் புத்தகங்கள் குழந்தைகளின் கையில் கொடுத்தனுப்பப்பட வேண்டும். தொலைந்தால் தொலையட்டும், அலமாரியில் கரையான் தின்பதைவிட அது மேல். வீட்டுவேலைத் தையல் கூலி உயர வேண்டும். காலனிகளில் நூலகக் கிளைகள் வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊராட்சியோ நகராட்சியோ எவ்வளவு நூலக வரி வசூலித்தது, எவ்வளவு ஒப்படைத்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதுங்கள். வேலையிடத்தில் குழந்தையைக் கண்டால் 1098க்கு அழையுங்கள். அம்பேத்கர் மன்றத்தின் திண்ணையில் மாலை ஐந்து மணிக்குப் பத்துப் புத்தகங்களோடு உட்காருங்கள். வேலைக்குப் போன பிள்ளையும் வந்து சேரும் நேரம் அதுதான்.