நாட்டுக்கு ஒளி, எமக்குச் சாம்பலா?

நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011 இல் இயங்கத் தொடங்கி, 2014 இல் 900 மெகாவாற்று நிலையமாயிற்று. நாடெங்கும் விளக்கெரிகிறது, நன்று. எரிந்த கரியின் சாம்பல் யார் தலையில் விழுகிறது? சோழகம் வீசும் மாதங்களில் கரித்தூளும் சாம்பலும் எம் மக்களின் முற்றத்திலும் மிளகாய்த் தோட்டத்திலுமே படிகின்றன.

கற்பிட்டிக் குடாநாடு மணற்றரை. மேலே விழும் நீரை நொடியில் உறிஞ்சுவது அது. அந்நிலத்தடி நீரையே கமக்காரன் இறைக்கிறான். அவன் பிள்ளையும் அதையே குடிக்கிறது. மேலே கொட்டும் நஞ்சு கிணற்றுக்கே வழிதேடும்.

2017 ஏப்ரல் 14 இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டனர். பின் அரசு விரைவுபடுத்திய பரிகாரம் யாது? கொழும்பின் குப்பையைப் புகைவண்டியேற்றிப் புத்தளத்து அருவக்காட்டில் புதைப்பதே! கரிக்கும் நாம், கழிவுக்கும் நாமா?

“நாட்டு நலன்” என்பர். பயன் எல்லார்க்கும், பாரம் சிலர்க்கும் எனின் அது நலனன்று, அநீதி. சுன்னாகத்து நிலத்தடி நீர் மாசுற்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தவேண்டும் என்னும் நெறியை உயர் நீதிமன்றம் 2019 இல் நிலைநாட்டியது. அந்நெறி நுரைச்சோலைக்கு ஆகாதா?

நாம் கேட்பது சலுகையன்று, உரிமை. கரியையும் சாம்பலையும் மூடிவைக்க. கிடங்கின் அடியைக் கசியாவண்ணம் அமைக்க. கிணற்று நீரைச் சோதித்து முடிவைத் தமிழிலும் வெளியிடுக. கெட்ட பயிருக்கு ஈடு தருக.

கமக்காரரே! சாம்பல் படிந்த நாளைக் குறித்துவைப்பீர். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துப் பிரதியைப் பேணுவீர். மன்றில் கண்ணீர் சான்றாகாது, கடதாசியே சான்றாகும்.