கடிகாரத்தின் எச்சரிக்கையும் கிளினிக்கின் கடமையும்

விடிவதற்கு முன்பே பினாங்கின் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டை நோக்கி மலைச்சாலையில் ஏறத் தொடங்கிவிடும் முதியவர்களின் மணிக்கட்டுகளைச் சற்றுக் கவனித்துப் பார்ப்பவர்களுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு காணாத ஒரு புதுமை புலப்படும். மணி பார்ப்பதற்கென்று இருந்த கடிகாரம் இன்று நடந்த அடிகளை எண்ணுகிறது. உறங்கிய நேரத்தைக் கணக்கிடுகிறது. அணிந்திருப்பவரின் ஹிருதயம் தாளம் தப்பித் துடிப்பதாகச் சில சமயம் எச்சரிக்கவும் செய்கிறது. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் தீபாவளிக்கு வாங்கித் தந்த பரிசாக அது இருக்கக்கூடும். பரிசில் குறையொன்றும் இல்லை. ஆனால் எச்சரிக்கை வந்த மறுநாள் காலையில் அந்தப் பெரியவர் எங்கே போவது, யாரிடம் காட்டுவது, அங்கே அவருக்கு என்ன பதில் கிடைக்கும் என்ற விஷயங்கள் ஒழுங்கு செய்யப்படாதவரையில், அந்தச் சாதனத்தால் விற்றவருக்கு உண்டாகும் லாபத்தில் பாதிகூட அணிந்தவருக்கு உண்டாகாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

இங்கே நாம் பேசுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று வைத்தியர்கள் வழங்கும் கோளாறைப் பற்றி. ஹிருதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒரே சீராகச் சுருங்கி விரியாமல் நடுங்கத் தொடங்குகின்றன. தேங்கி நிற்கும் இரத்தம் இடது மேலறையின் ஓரத்திலுள்ள சிறு பையில் உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி என்றேனும் ஒருநாள் பெயர்ந்து மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைக்குமானால் பக்கவாதம் நேரிடுகிறது. இக்கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. இதில் விசேஷம் என்னவென்றால், பலருக்கு வலியும் இல்லை, படபடப்பும் இல்லை. வந்து சில மணி நேரம் இருந்துவிட்டுச் சொல்லாமல் போய்விடுகிறது. கிளினிக்கில் பத்து விநாடி எடுக்கும் ஈ.சி.ஜி. பதிவில் அன்றைக்கு அது அகப்படாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. ஆகவே வீட்டிலேயே அடிக்கடி பார்த்துக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்ற எண்ணம் நியாயமானதே.

அந்த எண்ணம் புதியதும் அல்ல. ஹாலந்து தேசத்து லைடன் நகரில் வில்லெம் ஐன்தோவன் அமைத்த முதல் நுட்பமான ஈ.சி.ஜி. யந்திரம் இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. நோயாளி தம் கைகளையும் காலையும் உப்புநீர் நிறைந்த தொட்டிகளில் அமிழ்த்தி உட்கார வேண்டியிருந்தது. யந்திரத்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல முடியாது என்பதனால் 1905ஆம் ஆண்டிலேயே அவர் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த நோயாளிகளின் ஹிருதயத் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தம் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். 1924இல் நோபல் பரிசு பெற்ற அந்த மேதையின் யந்திரம் இன்று ஒரு பொத்தானின் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. பச்சை விளக்கொளியைத் தோலுக்குள் பாய்ச்சி நாடியைக் கவனிப்பது ஒரு முறை. மறுகை விரலால் கடிகாரத்தைத் தொட்டு முப்பது விநாடி அசையாமல் இருந்து மின்பதிவு எடுப்பது மற்றொரு முறை. முன்னது சந்தேகத்தை எழுப்பும். பின்னது அதற்குச் சற்று வலுவான சாட்சியம் தரும். இரண்டுமே மாரடைப்பைக் கண்டறிய மாட்டா. நெஞ்சு வலிக்கும்போது கடிகாரம் நலம் என்று காட்டியது கண்டு படுத்துறங்கப் போகிறவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார்.

இனி அனுபவம் கூறுவதைப் பார்ப்போம். 2019இல் வெளியான ஆப்பிள் கடிகார ஆராய்ச்சியில் 419,297 பேர் பங்கு கொண்டனர். எச்சரிக்கை பெற்றவர் 2,161 பேர், அதாவது நூற்றுக்கு அரைப் பேர். பங்கு கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நாற்பது வயதுக்குக் குறைந்தவர்கள் என்பதையும், அறுபத்தைந்தைக் கடந்தோரிடையே எச்சரிக்கை நூற்றுக்கு மூன்றாக உயர்ந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால், சாதனம் யார் கையில் இருக்கிறது, யார் கையில் இருக்க வேண்டும் என்ற வேற்றுமை விளங்கும். டென்மார்க்கில் 70 முதல் 90 வயதுக்குட்பட்ட 6,004 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலின் கீழ் பதிவுக்கருவி பொருத்திப் பார்த்ததில் இக்கோளாறு ஏறக்குறைய மூன்று மடங்கு பேரிடம் அகப்பட்டது. ஆயினும் பக்கவாதம் நிச்சயமாகக் குறைந்தது என்று சொல்லத்தக்க முடிவு கிடைக்கவில்லை. ஸ்வீடனில் 75, 76 வயதினரை அழைத்து இரு வாரங்கள் பெருவிரல்களால் சிறு கருவியைத் தொட்டுப் பதிவு செய்யச் சொன்னதில் பலன் உண்டாயிற்று, சிறிய பலன்தான். அழைக்கப்பட்டவர்களில் பாதிப் பேரே வந்தார்கள். இவற்றைக் கொண்டு கடிகாரம் வீண் என்று வாதிப்போர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. கண்டுபிடிப்பது வேறு, காப்பாற்றுவது வேறு. இடையிலுள்ள பாதையை வைத்தியசாலைதான் போட வேண்டும் என்பதையே இவை உணர்த்துவதாகக் கருதுகிறோம்.

நம் ஊர் நிலைமை என்ன? 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரிடையே நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு. நீரிழிவும் இரத்த அழுத்தமும் முதுமையும் ஒன்றுகூடிய உடலில் ஹிருதயத்தின் தாளமும் தப்புமானால் பக்கவாதத்துக்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை. அத்தகையோர் ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்துக் கடிகாரம் வாங்கட்டும் என்று உபதேசிப்பது எளிது. அடுக்குமாடி வீட்டில் தனியே வாழும் ஓய்வூதியக்காரருக்கு அது பிரயோஜனப்படாது. இரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டை யந்திரங்களிலேயே துடிப்பின் ஒழுங்கின்மையைக் காட்டும் வகைகள் இருக்கின்றன. அத்தகைய ஒன்றைப் பிரிட்டனில் வைத்திய வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013இலேயே சிபாரிசு செய்தது. யந்திரமே இல்லாமல், நம் சித்த வைத்தியரும் சீனத்துச் சின்சேயும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்த மரபு நமக்கு உண்டு. அவர்கள் கூறிய காரணங்களையெல்லாம் இன்று ஏற்கத் தேவையில்லை. ஆனால் ஒரு நிமிஷம் விரல் வைத்துத் துடிப்பு சீராக வருகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை நாம் கைவிட்டது நஷ்டமே.

ஆகவே அரசாங்க கிளினிக்குகளில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க வரும் அறுபத்தைந்து வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் நாடி பார்க்கப்பட வேண்டும். சந்தேகம் எழுந்தால் அன்றே பன்னிரண்டு முனை ஈ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும். கடிகாரப் பதிவைக் கொண்டு வருபவரை, கூகலைப் படித்துவிட்டு வந்தவர் என்று எள்ளி நகையாடாமல், அப்பதிவை அவருடைய நோய்க்குறிப்பில் சேர்க்க வேண்டும். ஒரு வெள்ளி கட்டணத்தில் வைத்தியம் பார்க்கும் நாட்டில் இது பெருஞ்செலவு அன்று. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் வைத்தியரின் பொறுப்பு. கடிகாரம் இரண்டு வாரம் மௌனமாக இருந்தது என்று தாமே மாத்திரையை நிறுத்திக்கொள்வது பேராபத்து. மணிக்கொரு தரம் பதிவு எடுத்துப் பார்த்து, பார்த்த பயத்தினாலேயே துடிப்பை ஏற்றிக்கொள்ளும் நண்பர்களும் நமக்கு உண்டு. எத்தனை தரம் பதிவு எடுக்கலாம் என்று அவர்களுக்கு வைத்தியர் ஒரு கணக்கு வகுத்துத் தருவது நல்லது.

மற்றொன்று, இணையச் சந்தையில் எழுபது எண்பது வெள்ளிக்கு ஈ.சி.ஜி. கடிகாரம் என்று விளம்பரமாகும் பொருள்களைப் பற்றியது. வைத்திய சாதனங்களைப் பதிவு செய்ய 2012ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதை நடத்த ஓர் ஆணையமும் இருக்கிறது. ஹிருதய நோயைக் கண்டறிவதாகச் சொல்லிக்கொள்ளும் எந்தக் கடிகாரமும் தன் பதிவெண்ணை விளம்பரத்திலேயே காட்ட வேண்டும் என்று விதித்து, காட்டாதவற்றை அந்தச் சந்தைகளிலிருந்தே நீக்கச் செய்ய வேண்டும். அடுத்த தீபாவளிக்குப் பரிசு வாங்கப் புறப்படும் பிள்ளைகளுக்கு அந்த எண் கண்ணில் படட்டும்.