கடல் கடந்தால் வரி இல்லையா?

ஆஸ்திரேலியாவிலே ஒரு தொழிலாளி, சிட்னி நகரக் கடைத்தெருவிலே தன் மகனுக்குக் காலணி வாங்குகிறார். விலை 110 டாலர். அதிலே 10 டாலர் சரக்கு-சேவை வரி. கடைக்காரர் அதைத் தன் கல்லாவிலே போட்டுக்கொள்ள முடியாது. கணக்கெழுதி அரசுக்குக் கட்டியாக வேண்டும். அதே தொழிலாளி, அதே காலணியை, அமெரிக்காவிலோ சீனாவிலோ இருக்கும் வணிகரிடம் இணையத்தின் மூலம் வாங்கினால் வரி எவ்வளவு? 2018 ஜூன் 30 வரையில், ஒரு காசும் இல்லை! 1,000 டாலருக்கு உட்பட்ட பொட்டலமா? தாராளமாக உள்ளே வரலாம். வரி கேட்பார் இல்லை!

உள்ளூரிலே வாடகை கொடுத்து, விளக்கெரித்து, நாலு பேருக்கு வேலை கொடுத்து, நாணயமாகக் கணக்குக் காட்டுகிறவர் வரி வசூலித்துக் கட்ட வேண்டும். அந்த மண்ணிலே ஒரு செங்கல்லும் வைக்காமல் கடலுக்கு அப்பாலிருந்து விற்கிறவருக்கு விலக்கு! உள்ளூரிலே கடை வைத்ததுதான் அவர் செய்த குற்றமா? இந்தக் கேள்விக்கு ஆஸ்திரேலியா விடை கண்ட விதம், உழைக்கும் மக்கள் அனைவரும் அறிய வேண்டிய ஒன்று.

இந்த அநீதி வேண்டுமென்றே செய்யப்பட்டது அல்ல. 2000 ஜூலை 1ல் இந்த 10 சதவிகித வரி வந்தபோது, வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் சிறு பொட்டலங்கள் பெரிய பிரச்சினையாக இல்லை. 20 டாலர் புத்தகத்தைத் துறைமுகத்திலே நிறுத்திப் பிரித்துப் பார்த்து 2 டாலர் வசூலிப்பதென்றால், வரவை விடச் செலவு மிஞ்சும். ஆகவே விட்டுவைத்தார்கள். பிறகு இணைய வணிகம் வளர்ந்தது. ஓட்டையாக இருந்தது வாசலாகிவிட்டது!

2011 தொடக்கத்திலே, ஜெரி ஹார்வி போன்ற பெரும் கடை முதலாளிகள் பத்திரிகை விளம்பரங்கள் மூலம் கூக்குரல் எழுப்பினர். மக்களோ, கோபத்தை அந்த முதலாளிகள் மீதே கொட்டினர். கோடீசுவரருக்கு என்ன குறை வந்துவிட்டது என்று கேட்டனர். அந்தக் கோபம் நமக்குப் புரிகிறது. முதலாளி கண் கலங்கினால் நாம் கைக்குட்டை நீட்ட வேண்டியதில்லை. ஆனால், வழக்குப் பேச வந்தவர் பணக்காரர் என்பதற்காக வழக்கே பொய்யாகிவிடுமா? அதே தெருவிலே சின்னஞ்சிறு புத்தகக் கடையும் உண்டு. அதிலே சம்பளத்துக்கு நிற்கும் இளைஞனும் உண்டு. அவர்களுக்கு விளம்பரம் கொடுக்க வசதி இல்லை, அவ்வளவுதான் வேற்றுமை!

அதே ஆண்டு உற்பத்தித்திறன் ஆணையம் ஆராய்ந்து சொன்னது: கொள்கையளவில் விலக்கைக் குறைப்பது சரி, ஆனால் வசூல் செலவு கட்டுப்படியாகும் வழி கிடைக்கும் வரையில் குறைக்க வேண்டாம். நியாயம் இருக்கிறது, வழி இல்லை என்ற நிலை!

இங்கேதான் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலே இந்த வரியை வசூலிப்பது மத்திய அரசு. வசூலாகும் பணம் போய்ச் சேருவதோ மாநிலங்களுக்கும் ஆட்சிப் பகுதிகளுக்கும். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்தும் பொறுப்பு மாநிலங்களுடையது. ஆகவே வரி கட்டாமல் நழுவிய ஒவ்வொரு பொட்டலமும், எங்கோ ஒரு மருத்துவமனைக்கு வரவேண்டிய பணத்தையும் சேர்த்தே எடுத்துச் சென்றது. 2015 ஆகஸ்டிலே மாநில நிதி அமைச்சர்கள் மத்திய அரசுடன் கூடி, இந்த விலக்குக்கு முடிவு கட்டக் கொள்கையளவில் இசைந்ததில் வியப்பில்லை.

வழி? அது பிறகு பிறந்தது. பொட்டலத்தைத் தேடாதே, விற்பவரைப் பிடி! இதுதான் அதன் சாரம். 2017 ஜூனில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. ஓராண்டு அவகாசத்துக்குப் பின் 2018 ஜூலை 1ல் அது நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலிய மக்களுக்கு ஆண்டுக்கு 75,000 டாலர் அளவுக்கு விற்கும் வெளிநாட்டு வணிகர், அந்நாட்டு வரித் துறையிலே பதிவு செய்துகொள்ள வேண்டும். விற்கும்போதே 10 சதவிகிதம் வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் காட்டிக் கட்ட வேண்டும். இதற்காக அங்கே அலுவலகம் திறக்க வேண்டியதில்லை. இருந்த இடத்திலிருந்தே எளிய முறையிலே பதிவு செய்யலாம். 75,000 என்பது உள்ளூர் வணிகருக்கும் அதே அளவுதான்! அதற்குக் கீழே விற்கும் சிறு வணிகருக்குத் தொல்லை இல்லை.

ஆயிரமாயிரம் சிறு விற்பனையாளர்கள் ஒரே இணையச் சந்தையிலே கடை விரித்திருந்தால்? அந்தச் சந்தையை நடத்தும் நிறுவனமே விற்பவராகக் கருதப்படும். அதுவே வரியை வசூலித்துக் கட்டவேண்டும். சந்தையிலே தரகு வாங்கத் தெரிந்தவருக்கு வரி வாங்கவும் தெரியாதா என்ன!

கேட்டவுடன் கொதித்தார்கள் பெரிய நிறுவனத்தார். சட்டம் விவாதத்தில் இருந்த 2017லேயே, ஆஸ்திரேலியர்கள் வெளிநாட்டுச் சரக்கு வாங்குவதைத் தடுத்துவிட நேரும் என்று ஈபே எச்சரித்தது. 2018 மே இறுதியிலே அமேசான் அறிவித்தது: ஜூலை முதல் ஆஸ்திரேலியருக்கு எங்கள் அமெரிக்கக் கடையின் கதவு அடைக்கப்படும், உள்நாட்டுத் தளத்திலே கிடைப்பதை வாங்கிக்கொள்ளட்டும்!

ஒரு தனியார் நிறுவனம் ஒரு நாட்டைப் பார்த்து, உன் சட்டம் எனக்குத் தொல்லை, ஆகவே உன் மக்களுக்குக் கதவடைப்பு என்கிறது. தொழிலாளி கூலி கேட்டால் கதவடைப்பு செய்யும் ஆலை முதலாளியை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு நாடு வரி கேட்டதற்காகக் கதவடைப்பு செய்த முதலாளியை அன்று உலகம் பார்த்தது!

அரசு மசிந்ததா? இல்லை. சட்டம் குறித்த நாளிலே நடைமுறைக்கு வந்தது. எச்சரித்த ஈபே, வரியை வசூலிக்கத் தொடங்கியது. ஜூலையிலே கதவை அடைத்த அமேசான், அதே ஆண்டு நவம்பரிலே திறந்தது. ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை அந்தக் கதவடைப்பு! வாங்குபவர் இல்லாமல் வணிகம் இல்லை என்பது, வணிகருக்குத்தான் முதலில் தெரியும்.

இன்னொன்றும் கேளுங்கள். வெளிநாட்டு வரியை வசூலிப்பது பெருஞ்சிக்கல் என்று வாதாடிய அதே அமேசான், 2017 ஏப்ரல் முதலே தன் சொந்த நாட்டிலே, விற்பனை வரி உள்ள 45 மாநிலங்களுக்கும் தன் விற்பனை மீது வரி வசூலித்துக் கொடுத்து வந்தது. மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறும் வரி விகிதங்களைக் கணக்கிடத் தெரிந்தவருக்கு, நாடு முழுவதும் ஒரே 10 சதவிகிதம் கணக்கிடத் தெரியாதாம்! அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2018 ஜூன் 21 அன்று, தென் டகோட்டா மாநிலம் தொடுத்த வழக்கிலே, தன் 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. மாநிலத்துக்குள் கடையோ கிடங்கோ இல்லாத வணிகரும் வரி வசூலிக்கக் கட்டுப்பட்டவரே என்று தீர்ப்பளித்தது. அந்த மாநிலச் சட்டம் வைத்த அளவு, ஆண்டுக்கு 1,00,000 டாலர் விற்பனை அல்லது 200 விற்பனைகள். 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் மறு பக்கம். ஆக, அமெரிக்காவின் மாநிலங்களுக்கு நியாயமானது ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் எப்படி அநியாயமாகும்?

ஆஸ்திரேலியா வகுத்த பாதையிலே மற்றவரும் நடந்தனர். நியூசிலாந்து 2019 டிசம்பர் 1ல், பிரிட்டன் 2021 ஜனவரி 1ல், ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு ஜூலை 1ல், சிங்கப்பூர் 2023 ஜனவரி 1ல், வெளிநாட்டு இணைய விற்பனையாளரிடமும் சந்தை நடத்துவோரிடமும் வரி வசூலிக்கும் பொறுப்பைச் சாட்டின. அளவுகளும் முறைகளும் நாட்டுக்கு நாடு வேறு, நியாயம் ஒன்று.

“கடைசியில் வரியைக் கொடுப்பது வாங்குகிற ஏழைதானே?” என்று கேட்பார்கள். உண்மை. மறைமுக வரி தொழிலாளியின் சட்டைப் பையைத்தான் முதலில் தேடும். அதனால்தான் ஆஸ்திரேலியாவிலே அடிப்படை உணவுக்கும் மருத்துவத்துக்கும் கல்விக்கும் இந்த வரி இல்லை. வரி பாரமா? விகிதத்தைக் குறைக்கப் போராடுவோம். இன்னும் பல பண்டங்களுக்கு விலக்குக் கேட்போம். ஆனால் உள்ளூர்க் கடைக்கு ஒரு சட்டம், உலகக் கடைக்கு ஒரு சட்டம் என்பது ஏழைக்குச் செய்யும் உதவி அல்ல. இன்று பத்து டாலர் மிச்சம் தந்துவிட்டு, நாளை அவன் மகனின் வேலையையும் பள்ளிக்கூடத்தின் பணத்தையும் பறித்துச் செல்லும் உதவி, உதவியா?

எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நாம் சொல்லவில்லை. பெரிய சந்தைகளைப் பிடிப்பது எளிது. சொந்தத் தளம் வைத்து, பதிவும் செய்யாமல், கணக்கும் காட்டாமல் கடல் கடந்து விற்பவரைப் பிடிப்பது கடினம். அதற்கு அரசுகள் ஒன்றுக்கொன்று தகவல் கொடுத்து உதவவேண்டும், விழிப்பும் வேண்டும்.

ஆனால் ஒன்று நிலைநாட்டப்பட்டுவிட்டது. பண்டம் விற்கும் உரிமை வேண்டுமென்றால், வாங்கும் மக்களின் சட்டத்துக்குக் கட்டுப்படும் கடமையும் உண்டு. நிறுவனம் எவ்வளவு பெரிதாயினும், அதன் கதவடைப்புக்கு அஞ்சாத அரசும், அந்த அரசுக்குப் பின்னே விவரம் அறிந்த மக்களும் நின்றால், அடைத்த கதவு தானே திறக்கும். ஐந்தே மாதத்தில் ஆஸ்திரேலியா அதைக் காட்டிவிட்டது!