போத்தலில் உள்ளது மருந்தாகுமா?

தாய்மார்களே, வெள்ளைப்படுதலுக்கு வெட்கப்பட்டு, காயம் கழுவும் கிருமிநாசினியை உள்ளே ஊற்றிக் கழுவுவோர் உண்டு. வேண்டாம்! அங்கே காவலிருக்கும் நல்ல கிருமிகளும் அதில் மடியும்.

திரிந்த பால்போல் பட்டு அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை. அதற்கு ஆண்டிபயாட்டிக் உதவாது. தொல்லையைக் கூட்டவும் செய்யும். மீன்வாடை வீசினால் வேறு கிருமி. அதற்கு மெட்ரோனிடசோல் என்னும் ஆண்டிபயாட்டிக் கொடுப்பார்கள். டெகுவாலினியம் என்ற கிருமிநாசினி மாத்திரையை 6 நாள் உள்ளே வைத்தாலும் ஏறக்குறைய அதே பலன் என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அது அதற்கென்றே செய்த மாத்திரை; போத்தல் மருந்தன்று.

எது உங்களுக்கு என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். பக்கத்து வீட்டு மிச்ச மாத்திரைக்குத் தெரியாது. கர்ப்பிணிகள் தாமதிக்கவே கூடாது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.